சுவர்ப் பக்கத்துப் பள்ளம்

2016ஆம் ஆண்டு அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. என் கணவர் எர்மிலோவை அடக்கம் செய்த மறுநாள், நானும் தங்கை ஒதிலியாவும் எங்கள் ஊரான எஹுத்லாவின் சந்தைத் தெருவுக்குக் காற்று மெத்தை வாங்கச் சென்றோம். உடலைக் கிடத்தியிருந்த முன்னறைத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் சிலுவை வரையப்பட்டிருந்தது. ஒன்பதாம் நாள் அதைக் கூட்டியெடுத்துக் கல்லறையில் சேர்க்கும்வரை இறந்தவர் வீட்டைவிட்டுப் போவதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. கூட்டியெடுக்க வேண்டியவள், அந்தச் சிலுவைக்கு ஞானத்தாயாக நிற்கும் ஒதிலியா. அவளுக்கு இடுப்பு வலி. அவர் இறந்த கட்டிலில் படுக்கவும் மறுத்தாள். உறக்கம் கெட்டால் தன் ஊரான வேராக்ரூஸுக்குப் பேருந்து ஏறிவிடுவாள். சிலுவை அப்படியே கிடக்கும், அவரும்தான்.

“கையால அமுக்கிப் பாத்தா என்ன தெரியும்? படுத்துப் பாருங்கம்மா,” என்றாள் கடைக்காரி செனைதா.

ஒதிலியா ஒருக்களித்துப் படுத்தாள். குறுகலான மெத்தையிலேயே இடுப்பு தரையில் தட்டவில்லை. ஆயினும் அகலமானதைக் கேட்டாள்.

“இதுல ஒரு குடும்பமே படுக்கலாமேடி.”

“என் உடம்புக்கு இது ஒத்தை ஆள் மெத்தைதான்க்கா.”

“புதுசு முதல் ராத்திரி கொஞ்சம் தளரும். காலைல காத்தடிச்சா சரியாயிடும்,” என்றாள் செனைதா.

அந்த அகலத்துக்கு முன்னறையில்தான் இடமிருந்தது. அங்கும் அதன் ஓரம் சிலுவையின் அடியை மூடியது. நான் கண்டித்தேன்.

“அத்தான் கால மடக்கிக்குவாரு, விடுக்கா,” என்று ஒதிலியா சிரித்தாள்.

காலையில் அவள் சிரிக்கவில்லை. மெத்தையின் சுவர்ப் பக்கத்தில், அவள் படுக்காத இடத்தில், ஆள் நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. காற்று மெத்தையிலிருந்து எழுந்தவுடன் பள்ளம் நிறைந்துவிடும், இது நிறையவில்லை. காற்றடித்தோம். மற்ற பக்கம் முரசுபோல் விறைத்தது. சோப்பு நீர் தடவினோம். ஒரு குமிழியும் எழவில்லை. பள்ளத்தில் கை வைத்தேன். தோள் பதிந்த இடம் ஆழமாகவும், கால்கள் பதிந்த இடம் மடங்கியும் இருந்தன. எர்மிலோ சுவர்ப் பக்கம்தான் படுப்பார்.

“நான் ஊருக்குப் போறேன்க்கா.”

“போனா அவர யாருடி அனுப்புறது? உனக்கு இடம் வேணும், அவ்வளவுதானே?”

அன்றே குறுகலான மெத்தையும் வாங்கப்பட்டது. அதை அடுக்களையில் விரித்தோம். ஒதிலியா ஒன்பதாம் நாள்வரை தங்குவதென்றும், அகல மெத்தையைச் சிலுவை எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லையென்றும் முடிவாயிற்று. அவ்வாறே நடந்தது. சிலுவையைக் கூட்டியெடுத்த பிறகு பள்ளம் தானே நிறைந்தது. அவர் கடைசியாகப் படுத்த அந்த மெத்தையைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தேன்.