உமிஷாவின் கடைசி வெட்டு

தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் ஞாயிறு. எங்கள் ஊர் யூரிமாகுவாஸில் எங்கள் தெரு முழுக்கச் சேறும் தண்ணீரும் சிரிப்பும்! நடுவில் உமிஷா நின்றது. உச்சியில் வாளி, பாவாடை, பொம்மை எல்லாம் தொங்கும் பனைமரம். ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடி, ஆளுக்கொரு வெட்டுப் போட வேண்டும். எந்த ஜோடியின் வெட்டில் மரம் சாய்கிறதோ, அவர்கள்தான் அடுத்த ஆண்டு மரம் நட்டுத் தெருவுக்கே விருந்து வைக்க வேண்டும்.

நானும் நெய்செரும், இரண்டு ஆண்கள், தம்பதியாக ஒரே வீட்டில் பல வருடங்களாக வாழ்கிறோம். ஒருமுறைகூட எங்களை ஆடக் கூப்பிட்டதில்லை.

"இந்த வருஷமும் கூப்பிடலேன்னா இந்த ஊரைவிட்டு லீமாவுக்குப் போயிடலாம், எல்மெர்," என்று காலையில் நெய்செர் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அற்புதம் ஏதாவது நடக்கட்டும் என்று பூசையில் முழந்தாளிட்டேன்.

ஆண்டவர் ஓர் அக்காவின் கையை நீட்ட வைத்தார், அவ்வளவுதான். போன வருடம் சாய்த்து இந்த வருட மரத்தை நட்ட எர்மெலிந்தாக்கா கோடாலியை எங்கள் பக்கம் நீட்டினாள்.

"வாங்கடா, எவ்வளவு நேரம் வேடிக்கை பாப்பீங்க?"

பக்கத்து வீட்டு அப்னெர் அண்ணன் குறுக்கே வந்தார். "அக்கா, இது ஆம்பள பொம்பள ஜோடியா ஆடுறது."

"போன வருஷம் உம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டான்னு மச்சானோட ஆடினியே! அப்ப எங்கய்யா போச்சு இந்தச் சட்டம்?"

தெருவே சிரித்தது. பறையும் குழலும் முழங்கின. ஆடினோம்! நெய்செர் கோடாலியால் மரத்தை லேசாகத் தொட்டான். என் முறை. தண்டு மெலிந்துவிட்டால் எல்லோரும் பட்டும் படாமலும்தான் வெட்டுவார்கள். எனக்கிருந்த சந்தோஷத்தில் அது மறந்தே போனது. ஓங்கிப் போட்டேன்.

மடார்!

பிள்ளைகள் வாளிகள்மேல் பாய்ந்தார்கள். பெரியவர்கள் எங்களையே பார்த்தார்கள். தெருவின் விருந்து இனி எங்கள் கையில். சம்மதிப்பார்களா?

அப்னெர் அண்ணன் கை நிறையச் சேற்றோடு வந்தார். மரம் சாய்த்தவர்களுக்குப் பூசுவது போலவே நெய்செரின் இரண்டு கன்னத்திலும் அப்பினார்.

"சாச்சுட்டீங்க இல்ல? விருந்து போடாம ஊரைவிட்டு ஓடினீங்க, தேடி வந்து பிடிப்பேன்."

நெய்செர் கண்ணைத் துடைத்தான். சேறா கண்ணீரா, தெரியவில்லை.

"ஓடலண்ணே," என்றான். "அடுத்த வருஷத்துக்கு உங்க தோட்டத்துல நல்ல பனையா ஒண்ணு இருக்குமா?"

"இருக்கு. ஆனா தூக்க நீங்க ரெண்டு பேரும் வரணும். எனக்கு இடுப்பு வலி."