கிழங்குத் தராசு

கப்பலில் குளிர்சாதனம் நின்றுபோய் மூன்று நாளாகிவிட்டது. அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் எட்டு நாள் ஓட வேண்டும், அதுவும் கொதிக்கிற கடல் வழியாக. அறையில் படுத்தால் மெத்தை சுட்டது, மேல்தளத்தில் நடந்தால் செருப்பைத் தாண்டிக் கால் சுட்டது, இஞ்சின் அறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் சரியான தூக்கமில்லை, அதனால் ஒருவர் வாயும் சரியில்லை. சமையல்காரரிடம் மட்டும் யாரும் வம்பு வைத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு போடுகிறவரைப் பகைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கப்பலில் யாருக்கும் புத்தி கெட்டுப்போகவில்லை.

சமையல்காரருக்கு ஐம்பத்தொரு வயது. கப்பல் சமையலறைகளிலேயே இருபத்தாறு வருடம். எல்லோரும் வைத்த பெயர் கரண்டி. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தத் தடவை அவருக்குத் தலையில் ஒரு கூடுதல் சுமை. மனைவியின் தம்பி, முப்பத்துநாலு வயது மச்சினன், இதே கப்பலில் இஞ்சின் அறையில் இயந்திரம் பார்க்கும் மோட்டர்மேனாக ஏறியிருந்தான். இரண்டு பேரும் ஒரே கப்பலில் போவது இதுதான் முதல் தடவை. மனைவி ஆறு மாதம் விடாமல் நச்சரித்ததால் இவர்தான் ஏஜெண்டிடம் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது அவள் வாசலில் வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தம்பியை முழுசாகக் கூட்டி வந்து என் கையில் ஒப்படைக்க வேண்டும். அவள் அப்படிச் சொன்ன பிறகு இவருக்கு மச்சினன் தும்மினாலும் பகீரென்றது.

மருந்து அலமாரி இரண்டாம் ஆபீசரின் பொறுப்பு. சின்ன வயதுப் பெண், குரலை உயர்த்தவே மாட்டார். குளிர்சாதனம் நின்ற அன்றே எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்துப் பேசினார். போன கப்பலில், சரக்கு அறைக்குள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் காலையில் தலைவலி என்று வந்தார். இவர் ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் அந்த ஆள் நினைவில்லாமல் கிடந்தார். உயிர் தப்பிவிட்டது. ஆனால் இன்றைக்கும் போனில் பேசும்போது அவருக்கு வார்த்தைகள் சட்டென்று கிடைப்பதில்லை. "அன்னைக்கு அவர் எவ்வளவு வேர்த்திருக்கார்னு எனக்குத் தெரியல. கேக்கவும் இல்ல. இனிமே கேட்டுக்கிட்டு இருக்கப் போறதில்ல, நிறுத்துப் பாக்கப் போறேன்" என்றார்.

யோசனை எளிமையானது. வேலைக்குப் போகுமுன் எடை, வந்த பின் எடை. குறைந்ததெல்லாம் வியர்வை. ஒன்றரைக் கிலோவுக்குள் என்றால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்து ஓய்வெடுத்து அடுத்த முறைக்குப் போகலாம். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் அன்றைக்கு வேலை கிடையாது, குளிர்ச்சியான இடத்தில் உட்கார வேண்டும். வாதம் கிடையாது.

தராசுதான் காலை வாரியது. மருந்து அறையில் இருந்தது குளியலறையில் வைக்கிற தட்டையான எடை மெஷின். முதலில் கேப்டன் ஏறினார். அலை கப்பலைத் தூக்கியபோது எண்பத்தொன்பது கிலோ, இறக்கியபோது எண்பத்துநாலு. ஒரே நிமிடத்தில் ஐந்து கிலோ இளைத்த முதல் மனிதர் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கேப்டன் திரும்பிப் பார்த்தார். சொன்னவர் யாரென்று தெரியவில்லை.

அப்போதுதான் சமையல்காரர் வாயைத் திறந்தார்.

"மேடம், என் ஸ்டோர்ல கிழங்கு மூட்டை நிறுக்கிற தராசு இருக்கு. கீழ பலகை, மேல கம்பி, கம்பியில நகர்த்துற குண்டு. அலை தூக்கினா ஆளையும் தூக்குது, குண்டையும் தூக்குது. ரெண்டுக்கும் ஒரே ஆட்டம். அதனால அது பொய் சொல்லாது."

உண்மையாகவே பொய் சொல்லவில்லை. கேப்டன் எண்பத்தாறரை. கம்பி லேசாகத் தலையாட்டிவிட்டு அதே இடத்தில் வந்து நின்றது. அந்த நிமிடத்திலிருந்து தராசும் நோட்டும் சிவப்புப் பென்சிலும் சமையல்காரர் கைக்கு வந்துவிட்டன. பெயர்களை அவரே எழுதினார்: இஞ்சின் அறை ஆட்கள், மேல்தளத்து ஆட்கள், ஆபீசர்கள். காய்கறிக் குளிர் அறையின் இயந்திரம் தனி, அது நிற்கவில்லை; அதற்கு முன்னால் உள்ள சின்ன அறைதான் கப்பலிலேயே குளிர்ச்சியான மூலை. வெங்காய மூட்டைகளை ஒதுக்கி அங்கே உட்கார இடம் பண்ணினார். வியர்வையில் ஊறிய வேலை உடுப்போடு ஏறினால் துணி குடித்த வியர்வையும் சேர்ந்து நிற்கும் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். உடம்பைத் துடைத்துவிட்டு, உலர்ந்த அரைக்கால் சட்டையோடு மட்டும்தான் ஏற வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கிழங்குக்கு அடுத்து ஆள் நிறுக்கும் வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். மேஸ்திரி மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

நிறுக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் மதியம் இஞ்சின் அறையிலிருந்து மூன்று பேர் மேலே வந்தார்கள். கீழே எண்ணெய் சுத்திகரிக்கும் அறையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அங்கே நாற்பத்தைந்து டிகிரி. ஃபிட்டர் ஒரு கிலோ இருநூறு குறைந்திருந்தார். இன்னொருவர் தொள்ளாயிரம் கிராம். மச்சினன் ஒரு கையால் கால்சட்டை இடுப்பைப் பிடித்தபடி, தோளில் பெரிய துண்டைத் தொங்கவிட்டபடி ஏறினான். காலையில் எழுபத்துநாலு கிலோ இருநூறு. இப்போது எழுபத்துநாலு நானூறு.

சமையல்காரர் குண்டை ஒரு தடவை நகர்த்திப் பார்த்தார். கம்பி அதையேதான் சொன்னது. மற்ற இருவரும் தண்ணீர் டம்ளர்களோடு நகரும் வரை காத்திருந்தார்.

"நாலு மணி நேரம் அந்த அடுப்புக்குள்ள கிடந்து சதை போட்டு வந்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான், மாப்ள."

மச்சினன் அசடு வழிந்தான். துண்டை விலக்கினால் கால்சட்டையின் இரண்டு பைகளிலும் பைக்கொரு ஸ்பேனர். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ எண்ணூறு. இறக்கி வைத்துவிட்டு நிறுத்தால் ஆள் ஒரு கிலோ அறுநூறு குறைந்திருந்தான்.

அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதை மெதுவாகச் சொன்னான். மூன்று பேர் செய்யும் வேலை. இவன் உட்கார்ந்துவிட்டால் இவன் பங்கு மற்ற இருவர் தலையில் விழும், அவர்களுக்கு இவனை விட வயது அதிகம். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் கை நடுங்குகிறது, அவ்வளவுதான் என்றான். நடுங்கும் அந்தக் கையைப் பார்த்ததும் சமையல்காரருக்கு வாசலில் நின்ற மனைவிதான் ஞாபகத்துக்கு வந்தாள். கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. சிவப்புப் பென்சிலால் எழுதினார், கையைப் பிடித்து வெங்காய மூட்டை மேல் உட்கார வைத்தார், இரண்டு டம்ளர் குடிக்க வைத்தார். இரண்டாம் ஆபீசர் வந்து கேட்டுவிட்டு யாரையும் திட்டவில்லை. இஞ்சின் அறைத் தலைவரிடம் பேசி, பம்பு வேலையை விடியற்காலைக்கு மாற்றி, அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும்படி செய்தார். ஸ்பேனருக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஆனால் சும்மா உட்கார வைத்த ஆள் சும்மா இருப்பானா? கையில் நோட்டு கிடைத்தது, புரட்டினான். எண்ணினான். மறுபடியும் எண்ணினான். பெயர்கள் இருபத்தொன்று. திறந்த கதவு வழியே பார்த்தால், எதிரே சமையலறையில், இரண்டு அடுப்புக்கும் ஒரு ரொட்டிச் சூளைக்கும் நடுவே அவனுடைய அக்கா புருஷன் நின்று கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சூளையிலிருந்து தட்டை இழுத்தபோது, நிமிர்வதற்கு முன்னால் குளிர்பெட்டிக் கைப்பிடியை ஒரு கணம் பிடித்துக்கொண்டார்.

அது முதல் தடவை இல்லை. முந்தின நாளும் அவர் கண்ணுக்குச் சுவர் கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. தூக்கமில்லாததுதான் காரணம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் வேறு ஒன்று தெரியும். இரண்டு வருடமாகவே மனைவி, போதும், வீட்டோடு இருங்கள் என்று சொல்லி வருகிறாள். இப்போது ஆபீசர் நோட்டில் மயக்கம் என்று ஒரு வார்த்தை விழுந்தால், அது கம்பெனி டாக்டரிடம் போகும். ஐம்பத்தொரு வயது ஆளைத் திரும்ப ஏற்றுவதற்கு டாக்டர் நாலு தடவை யோசிப்பார். சமையலறை இல்லாமல் அவருக்கு வேறு என்ன தெரியும்? வீட்டில் போய் யாருக்குச் சமைப்பது, இரண்டு பேருக்கா? இரண்டு பேருக்கு உப்புப் போடும் அளவே அவர் கைக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை மச்சினன் இஞ்சின் அறையிலிருந்து ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில் மாட்டினான். பத்து மணிக்கு அது நாற்பத்தாறு காட்டியது. கீழே பம்பு அறையை விட ஒன்று கூடுதல். அவன் அதை இரண்டாம் ஆபீசரிடம் சொல்ல, அவர் நோட்டை வாங்கிப் பெயர்களை எண்ணினார். "இது என் தப்பு. பட்டியலை நான் சரிபார்க்கல" என்றார். இருபத்திரண்டாவது வரி உடனே எழுதப்பட்டது. மதியச் சமையலுக்கு முன் சமையல்காரர் ஏறினார்: எண்பத்தொரு கிலோ அறுநூறு.

மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது அவருக்குக் காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, உலர்ந்த கால்சட்டை மாற்றிக்கொள்ள ஸ்டோருக்குள் போனார். அலமாரியில் தக்காளிக் கூழ் டப்பாக்கள் வரிசையாக நின்றன. மேலே ஒட்டிய தாளில் எடை அச்சாகியிருந்தது. அவர் கை போயிற்று. நேற்று இதே காரியத்துக்காக ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்த அதே கைதான். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் எடுத்தார். இடது பையில் ஒன்று, வலது பையில் ஒன்று. துண்டை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

குண்டை நகர்த்த அன்றைக்கு மச்சினன் நின்றான். எண்பத்தொன்று முந்நூறு. ஃபிட்டர், கரண்டிக்கு நெருப்பெல்லாம் சொந்தக்காரன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சினன் நோட்டில் எதுவும் எழுதவில்லை. எல்லோரும் போகும் வரை காத்திருந்தான், நேற்று அவர் காத்திருந்த மாதிரியே. பிறகு கையை நீட்டினான்.

"டப்பாவைக் குடுங்க, மாமா."

சமையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தராசு இப்போது எழுபத்தொன்பது அறுநூறு என்றது. இரண்டு கிலோ. இஞ்சின் அறையில் ஒருவரும் அவ்வளவு இழந்ததில்லை.

"உன் அக்காகிட்ட சொல்லிடாதே, மாப்ள. உன்னைப் பாத்துக்கச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்கா. நானே இப்படின்னு தெரிஞ்சா..."

மச்சினன் அவரைப் பிடித்து வெங்காய மூட்டை மேல் உட்கார வைத்தான். தண்ணீரில் உப்பையும் சர்க்கரையும் கலக்கியபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீங்க எனக்கு இடம் வாங்கிக் குடுத்ததா நெனச்சிட்டு இருக்கீங்க. எனக்கு வேற கப்பல் ஏற்கனவே கிடைச்சிருந்தது, மாமா. அக்காதான் அதை விடச் சொன்னா. போன தடவை வீட்டுக்கு வந்தப்போ மாடிப்படியில நின்னு நின்னு ஏறினீங்களாம். கேட்டா சொல்லமாட்டார், நீ கூட இருந்து பாத்துக்கோன்னா. அதுக்குத்தான் ஏறினேன்."

சமையல்காரர் டம்ளரை வாங்கிக் குடித்தார். உப்பு அதிகம், சர்க்கரை அதை விட அதிகம். வேறு நாளாயிருந்தால் கீழே கொட்டியிருப்பார். இன்றைக்கு அடி வரை குடித்தார். கண் நிறைந்துவிட்டது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறு மாத நச்சரிப்பும் தம்பிக்காக என்றே நினைத்திருந்தாரே, தன் மனைவியை இத்தனை வருடமாக எவ்வளவு குறைவாக எடை போட்டிருக்கிறோம் என்று இருந்தது. நோட்டை வாங்கி, சிவப்புப் பென்சிலால், இருபத்திரண்டாவது வரியில் தன் கையாலேயே இரண்டு கிலோ என்று எழுதினார். பக்கத்தில் மயக்கம், மூன்று நாளாக என்றும் எழுதினார். எழுதி முடித்ததும் இரண்டாம் ஆபீசரைக் கூப்பிடச் சொன்னார்.

அவர் வந்து படித்தார், நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கரையில் இருக்கும் டாக்டரோடு போனில் பேசினார். கப்பலை விட்டு இறக்க வேண்டியதில்லை, துறைமுகம் வந்ததும் ஒரு முழுப் பரிசோதனை, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு என்ன என்பது அந்த டாக்டருக்கே தெரியாது. துறைமுகம் வரை ரொட்டிச் சூளை பகலில் எரியாது என்று முடிவாயிற்று. சமையல் விடியற்காலையில், மதியத்துக்கு ஆறிய சாப்பாடு. அன்று இரவுச் சோற்றை மச்சினன் வடித்தான். அடி பிடித்திருந்தது. இருபத்தொரு பேரும் மௌனமாகச் சாப்பிட்டார்கள். கேப்டன் மட்டும், சமையல்காரரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், மனப்பூர்வமாக.

மறுநாள் விடிந்ததும் தராசுக்கு முன்னால் வரிசை நின்றது. முதல் ஆள் சமையல்காரர். பலகையில் கால் வைக்குமுன் நின்றார். இரண்டு பைகளையும் உள்துணி தெரிய வெளியே இழுத்துத் தொங்கவிட்டார், அப்புறம் ஏறினார். அவருக்குப் பின்னால் மச்சினன் தன் பைகளையும் அப்படியே வெளியே இழுத்துவிட்டுக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ஃபிட்டர். அப்புறம் வரிசை முழுக்க, கடைசியில் கொட்டாவி விட்டபடி நின்ற கேப்டன் வரை.