காத்துச் சட்டையின் எடை

சூசைரட்ணத்துக்கு இடுப்பு போய்விட்டது. தண்ணீருக்குள் அல்ல, பஸ்ஸில். நீர்த்தேக்கம் நீர்த்தேக்கமாகப் போய், முங்கி, மதகுக் கம்பியில் அடைந்த குப்பையை எடுப்பது அவன் வேலை. முங்குவது ஒரு மணி நேரம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவது நாள் முழுக்க. பதினோரு வருஷம் இப்படியே ஓடியிருந்தால் எந்த இடுப்புதான் தாங்கும்?

எஞ்சினியர் ஐயா நல்ல மனுஷர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: "அடுத்த பயணத்துக்கும் சாமான தூக்க முடியலைன்னா கொழும்புலேருந்து வேற ஆள் வந்துருவான்." இரக்கப்பட்டு இரண்டு காத்துச் சட்டைகளையும் கொடுத்தனுப்பினார். காற்றை ஊதினால் ஆளை மேலே தூக்கும், காற்றை விட்டால் கீழே இறக்கும் சட்டை. ஒன்று கறுப்பு ரப்பர், முரட்டுச் சாமான். மற்றது ஆரஞ்சு நிறம், மெல்லிசுத் துணி, முதுகுக்கு மெத்தென்று பஞ்சு வைத்தது, மடித்தால் பைக்குள் அடங்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும்.

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் அவன் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே கொழுந்து நிறுக்கிற மடுவம். கங்காணி வீரய்யாவிடம் சொல்லி இரண்டையும் தராசில் மாட்டிப் பார்த்தான். கறுப்பு நாலு கிலோ. ஆரஞ்சு இரண்டுதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கிலோ குறைகிறதென்றால் சும்மாவா?

கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்த அவன் மனைவி றோசலின், மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை உதறிவிட்டு ஆரஞ்சுச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"காஞ்சதையா நிறுத்தீங்க?"

"பின்னே?"

"தண்ணிக்குள்ள போற சாமானாச்சேங்க. நனைச்சுல்ல நிறுக்கணும்."

இவளுக்கென்ன தெரியும் என்று படுத்துக்கொண்டான். ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் இரண்டையும் பீலிக்கரையில் கொட்டும் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட மடுவத்துக்குக் கொண்டுபோனான். கறுப்பு நாலே காலில் நின்றது. ஆரஞ்சு ஐந்தரைக்குப் போனது. பஞ்சு அத்தனை தண்ணீரையும் குடித்திருக்கிறது. பிழிந்தும் ஒரு கிலோகூட இறங்கவில்லை. இந்தப் பனியில் அது காய மூன்று நாளாகும், அவனோ விடிந்தால் அடுத்த அணைக்கு பஸ் ஏற வேண்டியவன். நல்ல வேளை, தப்பித்தான்.

அதற்குள் மத்தியான நிறுவைக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். காலையிலிருந்து விடாத தூறல். றோசலின் கூடையை இறக்கினாள்.

"பதினாறு. ஈரத்துக்கு மூணு கழிச்சு பதிமூணு," என்றார் வீரய்யா.

அவள் கொழுந்தைக் கொட்டிக் கூடையைக் கவிழ்த்தாள். சூசைரட்ணம் அவள் பக்கத்தில் போய், "நீ சொன்னதுதான் சரி. எப்படித் தெரியும் ஒனக்கு?" என்றான்.

"இது என்னாங்க பெரிய விசயம்? மழைக்காலம் பூரா அதத்தானே சொமக்கிறேன். ஈரத்த அவரு புஸ்தகத்துல கழிச்சுருவாரு. முதுகுல கழிக்க முடியுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரிக்கு ராத்திரி அவன் இடுப்புக்குத் தைலம் தேய்ப்பது இவள்தான். ஒருநாளாவது இவளைக் குப்புறப் படுக்கச் சொல்லியிருப்பானா? வெட்கமாக இருந்தது.

"ஒனக்கு எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டான்.

யாரும் கேட்காததைக் கேட்டதுபோல அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வலிக்காத பக்கம் ஒன்னு இருந்தாத்தானேங்க சொல்றதுக்கு," என்றாள். வெறுங்கூடையை மாட்டிக்கொண்டு மறுபடி மலைக்கு ஏறினாள்.