முயலின் வலது கண்

மருந்துகளைத் தங்கள் உடம்பில் சோதித்துக் கொடுத்த பிராணிகள், அந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களின் வீட்டுக்கு வந்து நலம் விசாரிப்பது பாளையங்கோட்டையில் அந்த மழைக்காலத்தில்தான் வழக்கமானது. எப்சிபாவின் வீட்டுக்கு ஒரு முயல் வந்தது.

எப்சிபா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஐம்பது வயதைத் தாண்டியவள். கண்ணில் அழுத்தம் கூடும் நோய் அவளுக்கு இருந்தது. தினமும் சாயங்காலம் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டுக்கொள்வாள். அந்தச் சொட்டினால் பார்வை நிலைத்தது. பார்வை இருந்ததால் தொழிலும் நடந்தது.

முயல் கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"அக்கா, கண் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் தெரியுது. நீங்க யாரு?"

"உங்க சொட்டு மருந்த மொதல்ல என் கண்ணுலதான் விட்டாங்க."

"அப்படியா? உக்காருங்க. காப்பி போடுதேன்."

காப்பி ஒத்துக்கொள்ளாது என்றது முயல். கொத்தமல்லித் தழை இருந்தால் போதும் என்றது. எப்சிபா ஒரு தட்டில் தழையை வைத்து நீட்டினாள். அப்போதுதான் அதன் இடது கண்ணைப் பார்த்தாள். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இருந்தது.

"இது எப்படி ஆச்சு?"

"மொதல் தடவ அளவு கூடிப்போச்சு. அப்புறம் குறைச்சாங்க. உங்களுக்கு வர்றது சரியான அளவு."

"வலிச்சுதா?"

"ஆமா."

பஸ் தாமதமாக வந்தது என்று சொல்வதுபோல் சொன்னது. எப்சிபா தட்டைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தழை வைக்கட்டா?" என்று கேட்டாள்.

தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் விருந்தாளிகள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஏட்டையாவுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி. அவர் வீட்டில் இரண்டு நாய்களும் ஒரு பன்றியும் ஏராளமான எலிகளும் தங்கியிருந்தன. ஏட்டையாவின் மனைவி மொட்டைமாடியில் பாய் விரித்துக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு ஆறுமுகநயினார்தான் பாவம். பிறந்ததிலிருந்து ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை என்று பெருமை பேசியவர். அவரைத் தேடி யாரும் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்து நின்றார். கடைசியில் எப்சிபாவிடம் வந்தார்.

"ஏம்மா, உங்க முயல ஒரு பொழுது எங்க வீட்டுக்கு அனுப்புவியளா?"

"அது என் முயல் இல்ல. அதுகிட்டயே கேளுங்க."

முயல் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"அவருக்கு ஒண்ணுமே இல்ல," என்றது வருத்தமாக.

அன்று சாயங்காலம் எப்சிபா மருந்துக் குப்பியை எடுத்தாள். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிரிட்ஜில் திரும்ப வைத்தாள்.

"ஏன் விடல?" என்றது முயல்.

"உங்கள எதுத்தாப்ல வச்சுக்கிட்டு எப்படி விட?"

"விடுங்கக்கா. நீங்க விடலைன்னா என் கண்ணு எதுக்குப் போச்சு?"

எப்சிபா நாற்காலியில் சாய்ந்து தலையை நிமிர்த்தினாள். குப்பி கண்ணுக்கு நேராக நிற்கவில்லை. முயல் நாற்காலியின் கைப்பிடியில் ஏறி நின்று, குப்பி கண்ணுக்கு நேராக வந்ததும் "இப்ப" என்றது. சொட்டு சரியாக விழுந்தது. மற்றக் கண்ணுக்கும் "இப்ப" என்றது.

அதன்பிறகு முயல் அவளோடு காரிலும் வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கும். கார் கற்க வந்த பெண்களுக்கு அதைப் பிடித்துப்போனது. வண்டி அணைந்துபோனால் அது சிரிக்காது. எப்சிபாவுக்கு அந்த நாள்கள் நிறைவாக இருந்தன. வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது. கொத்தமல்லிக் கட்டு சீக்கிரம் தீர்ந்தது.

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது முயல் வந்த காரியத்தைச் சொன்னது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். இந்த மருந்து உங்களுக்குக் கொஞ்ச காலத்துல கேக்காமப் போயிரும். புதுசா ஒண்ணு செஞ்சிருக்காங்க. அத என் வலது கண்ணுல விட்டுப் பாக்கணும். யாருக்காகச் செய்றாங்களோ, அவங்க சரின்னு சொன்னாப் போதுமாம்."

"நானா சொல்லணும்?"

"ஆமா."

பச்சை விழுந்தது. எப்சிபா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் யாரும் ஹாரனும் அடிக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் அப்படி நடந்ததே கிடையாது.

பதிலை நேரில் சொல்லவேண்டும் என்பதால் மருந்தைச் செய்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். வாசலில் காவலாளி காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"நடந்தாப் போய்ச் சேர மாட்டிய. வண்டியிலயே உள்ள போங்க."

எப்சிபா தாழ்வாரத்துக்குள் காரை விட்டாள். முதலில் இரண்டாவது கியரில் போனாள். தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. மூன்றாவதுக்கு மாற்றினாள். இரண்டு பக்கமும் கதவுகள். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

முடிவில் ஒரு மேசை. அங்கே விஞ்ஞானி கோமதிநாயகம் சொட்டுக் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். குழாயின் நுனியில் ஒரு துளி விழாமல் தொங்கியது. அவர் முயலைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். பிறகு எப்சிபாவிடம் திரும்பினார்.

"விடலாமா?"

"எனக்கு வேண்டாம் சார்," என்றாள் எப்சிபா.

"உங்களுக்கு மட்டும்னா நானும் வேண்டாம்னு வச்சிருவேன். பின்னால பாருங்க."

எப்சிபா திரும்பினாள். காருக்குப் பின்னால், அவள் வந்த வழி நெடுக, ஒரு வரிசை நின்றது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்திருந்தார்கள். அவள் வரும்போது அங்கே யாரும் இல்லை. வரிசையின் முதலில் ஒரு பெரியவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் வீட்டுக்காரிக்காகச் சரின்னு சொல்லுங்கம்மா," என்றார். "என் முகம் அவளுக்குப் பாதிதான் தெரியுதாம்."

"எந்தப் பாதி?" என்று முயல் கேட்டது.

"நடுவுல உள்ளது மட்டும். ஓரம் பூரா போயிட்டு."

 விடுங்கள் என்று சொல்ல எப்சிபாவுக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தபின் விடாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் குனிந்து முயலிடம் கேட்டாள்.

"நீங்க என்ன சொல்லுதிய?"

கோமதிநாயகம் திடுக்கிட்டார்.

"அதுகிட்ட நாங்க கேக்குறது இல்ல."

"ஏன்?"

"கேட்டா பதில் சொல்லிரும்."

முயல் அந்த அம்மாளை வெகுநேரம் பார்த்தது. பிறகு சொன்னது.

"எனக்கு வேண்டாம். இந்தக் கண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. இதுலதான் நான் ரோட்டப் பாத்தேன்."

 பெரியவருக்கு முகம் சிவந்தது.

"அப்ப எங்க கதி?"

  கோமதிநாயகம் தொங்கிய துளியைக் குப்பிக்குள்ளேயே தட்டிவிட்டார்.

"வேற வழி பாக்கணும்," என்றார். "கண்ணுல உள்ள செல்களக் கண்ணாடித் தட்டுல வளத்து, அதுல விட்டுப் பாக்கலாம். நாளாகும். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"பாருங்க சார். அதுவரைக்கும் நானும் நிக்குதேன்."

எப்சிபா காரை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடக்கப் புறப்பட்டாள். பெரியவரின் மனைவி அவள் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவ்வளவு தூரம் எதுக்குப் போற? எனக்குப் பின்னால நில்லு தாயி."

பின்னால் நின்றவர்கள் இடம் விட்டார்கள். பெரியவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முயல் வெள்ளையா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"வெள்ளை," என்றாள் எப்சிபா.

முயல் மேசையில் தாவி ஏறியது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. அம்மாளின் பார்வைக்கு நேராக வந்ததும் நின்றது.

"ஆமா, வெள்ளைதான்," என்றாள் அம்மாள். "முழுசாத் தெரியுது. ஏங்க, நீங்களும் போய் அதுக்குப் பக்கத்துல நில்லுங்களேன்."

பெரியவர் சுவரிலிருந்து திரும்பினார். பிறகு போய் முயலை ஒட்டி நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க," என்றாள் அம்மாள். "ம். உங்க முகம் காது வரைக்கும் தெரியுது."

முன்னால் யாரும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இருந்தாலும் வரிசை ஓரடி நகர்ந்தது. எப்சிபாவும் நகர்ந்தாள்.