பறி கவ்விய வாய்

தண்ணீரில் இறங்கினால் ராஜாத்தியின் வலது கை செத்துப்போகும். கரையில் சோறு பிசையும், தலை வாரும், பிள்ளையைத் தூக்கும். பழவேற்காடு ஏரியில் மணிக்கட்டு நனைந்ததும் கட்டையாகிவிடும். சேற்றில் இறால் தடவிப் பிழைக்கிறவளுக்குக் கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஒரு வருஷமாகக் கரையில் உட்கார்ந்து அடுத்தவர் பிடித்த இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். நரம்பில் ஒரு கோளாறும் இல்லை. "மனசுல எதையோ பூட்டி வச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லி, பொன்னேரியில் மருந்துக்கடை மாடியில் இருந்த ஓர் அறைக்கு அனுப்பினார் டாக்டர். அங்கே இருந்தவள் சுபஸ்ரீ.

சென்னையில் உளப்பகுப்பாய்வு என்று ஒன்றைத் தொடங்கிய ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. சங்கம் என்று பெயர்தான் பெரிசு. ஒரு வாடகை அறையும் ஐந்து நாற்காலிகளும்தான் சங்கம். ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள், படிப்பார்கள், சண்டை போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியை கணினித் திரையில் வந்து திருத்துவார். பேசியே குணப்படுத்துவோம் என்றபோது ஊர் சிரித்தது, சொந்த வீட்டிலேயே சிரித்தார்கள். வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தானா இது என்று ஒரு ஞாயிறு சண்டை முற்றி, நகரத்துக்கு வெளியே போய் இலவசமாகவும் பார்ப்பது என்று முடிவானது. அப்படி அவர்களுக்குக் கிடைத்த முதல் ஆள் ராஜாத்தி.

"படுங்க. மனசுல என்ன வந்தாலும் சொல்லுங்க. அசிங்கம், அல்பம்னு எதையும் ஒதுக்காதீங்க" என்ற சுபஸ்ரீ, தன் நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டில் போட்டுக்கொண்டாள். ஆள் படுத்திருக்க, தலைமாட்டில் ஒருத்தி உட்காருவது பிணத்துக்குத்தானே? எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். மாடிப்படியில் காத்திருந்த ஓர்ப்படி பவித்ராதான், "இன்னாக்கா இது, இவ்ளோ தூரம் வந்துட்டு. போய்ப் படு" என்று உள்ளே தள்ளினாள்.

பவித்ரா, ராஜாத்தியின் கொழுந்தன் விமலைக் கட்டியவள். விமல் போன வருஷம் ஏரியில் செத்துப்போனான். அந்தத் துக்கத்திலும் வாராவாரம் வேலையை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் கூடவே வருவாள், அந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பாள். என்ன மனசு பாருங்கள் என்று ஊரே மெச்சியது. ராஜாத்தியோ அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டாள். மனசுக்குள் பூட்டி வைத்திருந்தது அவள் புருஷனைத்தான். அது மட்டும் பவித்ராவுக்குத் தெரிந்தால் தீர்ந்தது கதை.

அதனால் மாமியாரைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள், நண்டு விற்கிற விலையைப் பற்றிப் பேசினாள். தலைமாட்டிலிருந்து சத்தமே வராது. பாவி, ஒரு 'உம்' கொட்டினால்தான் என்ன?

ஒருநாள் மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. அந்த அமைதியில் சுபஸ்ரீ கேட்டாள். "பல்லைக் கடிக்கறீங்க ராஜாத்தி. எதைக் கடிக்கறீங்க?"

"பறிய" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பறி என்பது பனையோலைக் கூடை. இறால் தடவும்போது இரண்டு கைக்கும் சேற்றில் வேலை. அதனால் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நகர்வார்கள், ஒரு பேச்சு இருக்காது. வாயைத் திறந்தால் பறி போய்விடும், பிடித்ததெல்லாம் அதோடு போய்விடும்.

"அன்னிக்குப் பறி ரொம்பியிருந்துச்சு மேடம்" என்றாள் ராஜாத்தி. "எனக்கு முன்னாடி விமலு. திடீர்னு ஆளக் காணோம். முங்கித் தடவறான்னு நெனச்சேன். கொஞ்சம் தள்ளி நான் சேத்துல தடவறேன், ஒரு கை. என் விரல இறுக்கிப் புடிச்சுது. அவனுக்கு வலிப்பு வரும்னு எனக்குத் தெரியும் மேடம். ஆனா அந்த நேரத்துல ஏதோ காத்து கருப்புன்னு ஒதறிட்டேன். அப்புறமாச்சும் கத்தியிருக்கலாம். வாயத் தொறந்தா பறி போயிடுமேன்னு..."

மத்தியானம் கரையேறித் தலை எண்ணும்போதுதான் ஓர் ஆள் குறைவது தெரிந்தது.

வெகுநேரம் அழுதாள். பிறகு பயந்துகொண்டே கேட்டாள். "இத வெளிய சொல்லுவீங்களா?"

"உங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை எங்க அஞ்சு பேருக்குள்ள, பேரு சொல்லாம பேசுவேன்." சுபஸ்ரீயின் குரல் பிசிறியது. "எனக்கு இதைத் தனியாத் தாங்கத் தெரியல ராஜாத்தி. நாங்களே இப்பதான் கத்துக்கறோம்."

வைத்தியம் பார்க்கிறவளே நடுங்கினால் படுத்திருப்பவள் என்ன ஆவாள்? ராஜாத்தி எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் உறைத்தது. மின்விசிறி ஓடவில்லை, கதவோ மெல்லிய பலகை, வெளியே பவித்ரா.

கதவைத் திறந்தாள். பவித்ரா படியில் உட்கார்ந்திருக்கவில்லை, கதவை ஒட்டி நின்றிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்னய அடிச்சுப் போட்டுடு பவி."

பவித்ரா அடிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்துப் படியில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள். "அன்னிக்கு ஒனக்குப் பின்னாடி யாருக்கா இருந்தா?" என்றாள்.

ராஜாத்தி யோசித்தாள். வரிசையில் தனக்குப் பின்னால் வந்தவள் பவித்ராதான்.

"அவரு கை ஒன் முதுகுக்குப் பின்னாடி தண்ணிக்கு மேல வந்து ஆடுச்சு, பாத்தேன். நீ ஒதறனதயும் பாத்தேன். மொத நாளு ராத்திரி அவரு என்னய இன்னா பண்ணாருன்னு ஒனக்குத் தெரியும், செவுத்துக்கு அந்தாண்டதான நீ படுத்திருந்த." சந்தைக்கணக்கு சொல்வதுபோல் சொன்னாள். "ஒனக்காவது பறி ரொம்பியிருந்துச்சு. என் பறி காலிக்கா."

கீழே மருந்துக்கடையில் யாரோ மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாராவாரம் இன்னாத்துக்கு ஒங்கூட வந்தேன்னு நெனச்ச? உள்ள என் பேரச் சொல்றியான்னு கேக்கத்தான். நான் பாத்தது ஒனக்குத் தெரியாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இப்ப நானே சொல்லிட்டேன் பாரு." பவித்ரா மெல்லச் சிரித்து, ராஜாத்தியின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மனசுல இருந்தத சொல்லிட்ட இல்ல, இனிமே கை சரியாயிடும். நாளைக்கே எறங்கலாம். நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்."

இந்தக் கை குணமாக வேண்டும் என்று ராஜாத்தி வேண்டாத சாமியில்லை. இப்போது அது ஒருநாளும் குணமாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.