கிணற்றடிப் பாத்தியில் கோரை

சரியாகத்தான் நினைவிருக்கிறதா, தெரியவில்லை... ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம், எழுமலையில் எங்கள் கிணற்றடிப் பாத்தி, ஈரமண், அது நிச்சயம், வெயில் இருந்ததா என்று கேட்டால் சொல்ல வராது. மிளகாய் நாற்று நடும் முன் வெறும் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சி விட்டிருந்தோம், மண்ணுக்குள் கிடக்கிற களை முதலில் முளைக்கட்டும், எடுத்துவிட்டு நடலாம் என்று. முளைத்தது கோரை. மேலே பிடுங்கினால் போதாது, கிழங்கு உள்ளே தங்கினால் மறுபடி வரும். என் புருஷன் சுருளி களைக்கொத்தால் கிண்டினார், நான் பின்னாலேயே பொறுக்கினேன். பிள்ளையில்லை என்று, வருகிற வெள்ளிக்கிழமை என்னைத் தீர்த்து அனுப்பிவிட மாமியார் பேசி முடித்திருந்தாள். ஊர் முன்னால் புருஷன் ஒரு துரும்பை நீட்ட, பெண்டாட்டி அதைக் கையில் வாங்கிக்கொண்டால் போதும், எங்கள் பக்கம் கல்யாணம் முறிந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகப்போகிறவள் எதற்கு இந்தப் பாத்தியைச் சுத்தம் செய்கிறேன்... கை கேட்டால்தானே.

"இந்தா ஒச்சாயி, கிழங்கோட வந்துருச்சு, பிடி" என்று ஒரு கோரையை நீட்டினார். என் கை பாதியில் நின்றது. "கீழ போடு மச்சான், நானே எடுத்துக்கிறேன்." புரியாமல் பார்த்தார், பிறகு புரிந்திருக்க வேண்டும், கையை மடக்கிக்கொண்டார். வரப்பிலிருந்து மாமியார் இருளாயி, "ஏண்டி, அம்புட்டையும் குனிஞ்சுதான் பொறுக்குவாளோ மகாராணி" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோரையையும் என் காலடியில் மெதுவாக வைத்தார், நான் குனிந்து குனிந்து எடுத்தேன், இவர் கொடுக்க மாட்டார், கொடுக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டு... இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாவடியில் துரும்பை எடுத்தவர் அதை நீட்டவில்லை, என் காலடியில் வைத்தார். "கையில குடு மாப்ள, கோழிக்கு அரிசியா போடுற?" என்றார் யாரோ, சிரிப்பு. அவர் தலை நிமிரவில்லை. கொடுக்கக் கூடாது என்று கீழே வைத்தாரா, எடுத்துக்கொள்வாள் என்று வைத்தாரா... நான் சும்மா நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குனிந்தேன், எடுத்தேன், முறிந்தது என்றது ஊர். கோபமா, பழக்கமா? நானே எடுத்துக்கிறேன் என்று சொன்னவள் நான்தானே.

மாமியார் மறுவருஷம் இறந்தாள். அவர் வேறொருத்தியைக் கட்டினார், ஒரு மகன் என்றார்கள். நான் பழங்காநத்தத்தில் மொக்கையனைக் கட்டி இரண்டு பெண்கள் பெற்றேன். அந்தப் பாத்தியில் நாற்றை யார் நட்டார்கள் என்று மட்டும் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.