நாலு கம்பி, நாலு மாடி

அக்கா லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். வாய் நீளமானவர்களுக்கு வேலையும் தெரிந்திருந்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும், அவளுக்குத் தெரிந்திருந்தது. பழுது பார்த்த லிஃப்ட்டில் வேறு யாரையும் உடனே ஏற விடமாட்டாள். முதலில் தானே ஏறி, உச்சி மாடிவரை போய், மாடி மாடியாக நிறுத்தி இறங்கி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஏறுங்க" என்பாள். கை வைத்தவர்தான் முதலில் ஏற வேண்டும் என்பது அவள் கம்பெனியில் எல்லா மெக்கானிக்குகளும் காப்பாற்றுகிற வழக்கம். மற்றவர்களுக்கு அது வழக்கம், இவளுக்கு வேதவாக்கு.

அந்த நீள வாய்தான் அவளை இந்த வம்பில் மாட்டிவிட்டது. தம்பி ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். வேலை முடிந்து போகிற வழியில் அவனை அழைத்துப் போகலாம் என்று அக்கா ஒத்திகை அறைக்குப் போனாள். உள்ளே டிரம்ஸ் வாசிக்கும் குழுத்தலைவர் அவனைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் குரலுக்காகவே அவருக்கு டமாரம் என்று பெயர்.

"உன் கிட்டார்ல வர்றது சத்தமாப்பா? கொசு பாடுது. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா உன் பங்க கீபோர்டுலயே வாசிச்சுக்குவோம். நீ வர வேணாம்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் குனிந்த தலையைப் பார்த்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சனிக்கிழமை அந்த கிட்டார் சத்தத்துல உங்க ஜன்னல் அதிரலன்னா, நான் இனிமே ஸ்பேனரத் தொடுறதில்ல" என்றாள் வாசலில் நின்றபடியே.

"யாரும்மா நீ?" என்றார் டமாரம்.

"அவன் அக்கா."

வீட்டுக்கு வந்ததும் கிட்டாரைத் திறந்து பார்த்தாள். கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்அப்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்புவது இந்தக் காந்தச் சுருள்கள்தான். ஒன்று செத்திருந்தது, மற்றொன்று இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி கடையிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்தான். இன்னொன்றை ஒரு நண்பன் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அது வேறு கம்பெனிச் சரக்கு. பூட்டித் தரச் சொன்னால் கடைக்காரர் அடுத்த மாதம் வரச் சொன்னார்.

"லிஃப்ட் கண்ட்ரோல் பெட்டிக்குள்ள கை விட்டவ நான். இது என்ன, ரெண்டு சுருள், மூணு திருகு" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை மாலை சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்தாள். கிட்டாரின் குழிக்குள் தாமிரத் தகட்டை ஒட்டினாள். இரைச்சல் உள்ளே நுழையாமல் இருக்க அது. கம்பிகளைத் தாங்கும் இரும்புப் பாலத்துக்கு எர்த் ஒயர் இழுத்தாள். ஒவ்வொரு ஒயரிலும் கொஞ்சம் அதிக நீளம் விட்டு வளைத்து வைத்தாள், நாளைக்குத் திறப்பவர் திட்டக் கூடாதே. சால்டர் ஈயம் வைத்த இடமெல்லாம் பாதரசத் துளிபோல மின்னியது. சும்மா சொல்லக் கூடாது, அழகான வேலை.

தம்பி கிட்டாரை ஆம்பில் சொருகி, முன் பிக்அப்பின் குமிழை மட்டும் திறந்து வாசித்தான். கணீரென்று இருந்தது. பின் பிக்அப்பை மட்டும் திறந்தான். அதுவும் கணீர். இரண்டையும் முழுதாகத் திறந்தான்.

கொசு பாடியது. பழைய கொசுவைவிட மெலிந்த கொசு.

"என்னடி, லிஃப்ட் பாதியில நின்னுடுச்சா?" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

தம்பி மெதுவாகச் சொன்னான். "பரவால்லக்கா. ஒண்ண மட்டும் தொறந்து வச்சு வாசிச்சுக்கறேன்."

அம்மாவின் கேலி உறைக்கவில்லை. அந்தப் 'பரவால்ல' உறைத்தது. நாலு மாடிக் கட்டிடத்தில் இரண்டு மாடிக்கு மட்டும் போகும் லிஃப்ட்டைக் கொடுத்து, பரவாயில்லை என்று வாங்கிக்கொள்ள வைப்பதா? அதுவும் தன் தம்பியை? கிட்டாரை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

காலையில் பல் துலக்கும்போது பொறி தட்டியது. ஒயர்களை எதை வைத்துப் பிரித்தோம்? நிறத்தை வைத்து. வெள்ளை வந்தால் சிக்னல், கறுப்பு வந்தால் எர்த் என்று இரண்டு பிக்அப்களையும் ஒரே மாதிரி பூட்டியிருந்தாள். கம்பெனி மாறினால் நிறத்தின் கணக்கும் மாறலாமே. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவள் சொல்லும் முதல் பாடமே, "கலர நம்பாத, மீட்டர நம்பு" என்பதுதான். ஊருக்கு உபதேசம், உனக்கில்லடி கண்ணே!

வாயில் நுரையோடு ஓடிவந்து பையிலிருந்து தன் பழைய முள் மீட்டரை எடுத்தாள். எல்லோரும் எண் காட்டும் மீட்டருக்கு மாறிய பிறகும் அவள் விடாமல் வைத்திருப்பது அது. முன் பிக்அப்பின் ஒயர்களில் மீட்டரைக் கொடுத்து, காந்தத்தின்மேல் ஸ்குரூடிரைவரை ஒட்டவைத்து வெடுக்கென்று பிடுங்கினாள். முள் வலப்பக்கம் துள்ளியது. பின் பிக்அப்பிலும் அப்படியே செய்தாள். முள் இடப்பக்கம் துள்ளியது.

"அடப்பாவி, ஒண்ணு இழுக்கறப்ப இன்னொண்ணு தள்ளுது! ரெண்டும் சேந்தா எப்படிடா சத்தம் வரும்?"

பின் பிக்அப்பின் இரண்டு ஒயர்களையும் கழற்றி இடம் மாற்றி வைத்தாள். மறுபடி பிடுங்கிப் பார்த்தாள். இரண்டிலும் முள் வலப்பக்கமே துள்ளியது. தம்பி ஆவலோடு ஆம்பை இழுத்தான்.

"வை கீழ. நேத்து உன்ன மொதல்ல ஏத்தினேன், மூக்கு உடைஞ்சுது. இன்னிக்கு அங்க போய் நான் ஏறினப்புறம்தான் நீ" என்றாள் அக்கா.

"அக்கா, அவங்க முன்னாடியா? டெஸ்ட் பண்ணாமலா?"

"முள்ளு பொய் சொல்லாதுடா."

சொல்லிவிட்டாளே தவிர, வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்புதான். முள் பொய் சொல்லாது. ஆனால் ஜன்னல் அதிருமா என்று முள் சொல்லவில்லையே.

ஒத்திகை அறைக்குள் நுழைந்த பிறகுதான் ஜன்னலை ஒழுங்காகப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்து, சட்டத்தைச் சுற்றிப் பழைய மெத்தைப் பஞ்சை அடைத்து ஆணி அடித்திருந்தார்கள். யானை வந்து முட்டினாலும் அது அதிராது. டமாரம் அவள் பார்வையைக் கவனித்துச் சிரித்தார்.

"ஆரம்பிக்கலாமா, ஸ்பேனரம்மா?"

தம்பி கிட்டாரை ஆம்பில் சொருகினான். இரண்டு பிக்அப்களையும் முழுதாகத் திறந்தான். பிறகு தன் தோளிலிருந்து கிட்டார் வாரைக் கழற்றி, எல்லோர் முன்னாலும் அக்காவின் கழுத்தில் மாட்டினான்.

"எங்கக்கா கை வச்ச வேலை. அவங்கதான் மொதல்ல வாசிப்பாங்க" என்றான். அன்றைக்கு அவன் தலை குனியவில்லை.

அவளுக்கு சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. நாலு கம்பி, நாலு மாடி. அவ்வளவுதான் தெரியும். மெல்லிய கம்பியில் தொடங்கினாள், உச்சி மாடி. தெளிவாக ஒலித்தது.

"ஜன்னல் அதிரலயே" என்றார் டமாரம்.

"இருங்க, இன்னும் எறங்கல."

அடுத்த கம்பி. அடுத்தது. ஒவ்வொரு மாடிக்கும் சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. கடைசியாக, கிரீஸ் கறை போகாத கட்டைவிரலால் தடித்த கம்பியை இழுத்து விட்டாள்.

தரை அதிர்ந்தது. ஜன்னல் அசையவில்லை. ஆனால் அறையின் நடுவே, யாரும் தொடாமல், அடியில் சுருள்கம்பி கட்டிய டமாரத்தின் சின்ன டிரம் 'ஸ்ர்ர்ர்' என்று தானாகப் பேச ஆரம்பித்தது. அவர் திடுக்கிட்டுக் குனிந்து, அழும் பிள்ளையைத் தட்டுவதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினார். அறையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நம்ம டிரம்மே பதில் சொல்லுதேம்மா!" என்றார் அவர். அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "தம்பி, வாப்பா. வந்து உன் எடத்துல நில்லு."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. வாரைக் கழற்றித் தம்பியின் தோளில் மாட்டி, லிஃப்ட் கதவைப் பிடிப்பதுபோல ஒதுங்கி நின்றாள்.

"இப்ப ஏறு" என்றாள்.